செந்தரை வைத்தியன்

கேசட்டிலிருந்து ஒரு விளையாட்டு கம்ப்யூட்டருக்குள் ஏறி முடிவதற்குள் ஒரு குவளை தேநீர் கலக்கிக் குடித்துவிடலாம். அவசரப்பட்டு நடுவில் எதையாவது தட்டினால் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஈப்போவில் நம் கம்ப்யூட்டர் சங்கத்துக்கு வரும் இளைஞர்களுக்கு நான் முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது இந்தத் தேநீரைத்தான். பாதிப் பேர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

நவமணி டீச்சர், நீங்கள் கேட்ட கட்டுரை இதுதான். சங்கத்து இதழில் போட ஒரு பக்கம் போதும் என்றீர்கள். 'செந்தரை' விளையாட்டை ஆடுகிற எல்லாருக்கும் அதில் வரும் கொலையாளிமேல் இரக்கம் வருகிறதே, அது எப்படி சார், அவன் செய்வது கொலைதானே என்று கேட்டீர்கள். விளையாட்டை எழுதியவன் என்ற முறையில் என்னிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. நீங்கள் நேராகக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. நானும் நேராகவே பதில் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. இதழில் போடுவதும் வேறு யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுப்பதும் உங்கள் இஷ்டம்.

ஆடாதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். செந்தரை என்பது வெகு தொலைவில் இருக்கும் ஒரு சிவந்த கிரகம். ஒரு கம்பெனி அங்கே தாது வெட்ட ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியது. அவர்கள் பிள்ளை பெற்றார்கள், அந்தப் பிள்ளைகளும் பிள்ளை பெற்றார்கள். தாது தீர்ந்தது. கம்பெனி கிரகத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டது. காற்று உண்டாக்கும் இயந்திரம் பழுதாகிக்கொண்டிருக்கிறது. எல்லாரையும் ஏற்றிப்போக ஒரு கப்பல் வந்து நிற்கிறது, ஆனால் யாரும் ஏறவில்லை. அவர்கள் தலைவியாக மதிக்கும் ஒரு பெண் நகர மறுக்கிறாள். அவள் நகராமல் ஒருவரும் நகரமாட்டார்கள். விளையாடுகிற நீங்கள் அந்தக் குடியிருப்பின் வைத்தியன். தலைவிக்கு உடம்பு சரியில்லை. அவளுக்கு மருந்து கொடுப்பதும் நீங்கள்தான்.

திரையில் படம் கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழ் வாக்கியங்கள் வரும், நீங்களும் அப்படியே பதில் அடிக்க வேண்டும். போ, பார், எடு, கொடு, காத்திரு, கொல். அந்தச் சின்னப் பெட்டிக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். 'காத்திரு' என்று அடித்தால் காற்று குறையும். மறுபடி மறுபடி காத்திருந்தால் திரை இருண்டுவிடும். 'கொல்' என்று அடித்தால் ஊர் அழுதுகொண்டே கப்பலேறும், ஜன்னலோரம் குழந்தைகள் நின்று கையசைப்பார்கள். வைத்தியன் மட்டும் ஏறமாட்டான். காற்றில்லாத தரையில் தனியாக நின்று கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த இடத்தில்தான் உங்கள் மாணவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

இரக்கம் வரவைப்பது பெரிய வித்தை இல்லை. கொலையாளியின் கைகளைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் காட்சியில் அவன் ஒரு குழந்தையின் முழங்காலில் கட்டுப் போடுகிறான், குழந்தைக்கு வலிக்காமல் இருக்க ஏதோ கதை சொல்கிறான். அந்தக் கைகளைப் பார்த்தவர்களுக்குப் பிறகு அந்தக் கைகள் என்ன செய்தாலும் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்றுதான் தோன்றும். கடைசியில் அவனைக் கப்பலில் ஏற்றாமல் விட வேண்டும். தப்பித்துப் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டால் யாரும் அவனுக்காக அழமாட்டார்கள். இதையெல்லாம் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

நான் டிரெசராக இருந்தவன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கே என்று நீங்கள் கேட்டதில்லை. பீடோரிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதையில் ஆத்தோரத் தோட்டம் என்று ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. தோட்டத்து மருந்தகத்தில் டாக்டர், நர்ஸ், மருந்து கலக்குகிறவர் எல்லாம் ஒரே ஆள். அந்த ஆளுக்குப் பெயர் டிரெசர். எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் பிறந்து, ஆங்கிலம் படித்து, டாக்டராக முடியாதவர்கள் பலர் அப்படித்தான் ஆனோம். பால்மரம் வெட்டுகிறவர்கள் கீழே லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணிக்கும் எனக்கும் மேட்டில் தனி வீடு, மின்சாரம், குழாய்த் தண்ணீர். லயத்துக்காரர்கள் என்னை ஐயா என்பார்கள். நான் நல்ல டிரெசர். இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லை, ஆனால் உண்மை.

எண்பத்து மூன்றாம் வருஷத்துத் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்களுக்கு ரப்பர் வேண்டாம், நிலம்தான் வேண்டும். முதலில் லயத்துக் குழாய் நின்றது. ஜனங்கள் ஆற்றில் மொண்டு குடித்தார்கள். டைபாய்டு வந்தது. மங்களம் என்று ஒரு பெண், பால் வெட்டுக்குப் போகிறவள், தன் மூத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பீடோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் அது என் மடியிலேயே போய்விட்டது. மங்களம் என்னைத் திட்டவில்லை. பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, "ஐயா, நீங்க கை கழுவிக்குங்க" என்றாள். அன்றைக்கு நான் அழுதேன். இந்தக் கதையில் நான் அழுத இடம் அது ஒன்றுதான் என்பதால் சொல்கிறேன்.

ஊரை வெளியேற்ற ஒரு வழி இருந்தது. தொழிற்சங்கத்து ஆட்கள் அலைந்து திரிந்து ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் குடும்பத்துக்கு ஒரு வீடு என்று வாங்கியிருந்தார்கள். சிறிய வீடுகள்தான், ஆனால் குழாயும் கழிவறையும் உண்டு. ஆடி மாதம் முடிவதற்குள் வந்து சாவியை வாங்காவிட்டால் வீடுகள் வேறு ஆட்களுக்குப் போய்விடும் என்று நிபந்தனை. நான் லயத்துக்குள் போய் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "செல்லாயி அக்காவக் கேளுங்க ஐயா."

செல்லாயிக்கு அப்போது ஐம்பது இருக்கும். பால் வெட்டிக்கொண்டிருந்தவள், கண் மங்கிய பிறகு ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். யாரும் அவளைத் தலைவியாக்கவில்லை. குழாய் நின்ற அன்று காலிக் குடத்தோடு துரையின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள், மற்றப் பெண்களும் போய் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அவளுக்கு இனிப்பு நீர் வியாதி. தினமும் காலையில் மருந்தகத்துக்கு வந்து ஊசி போட்டுக்கொள்வாள். படியில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்தே அவள் என்று தெரியும். ஒன்றை மெதுவாக, ஒன்றை உதறிக் கழற்றுவாள்.

எனக்கு அவளைப் பிடிக்கும். கேலி பேசுவாள். நான் ஊசியைக் கையில் எடுத்தால் சுவரில் மாட்டியிருந்த மனித உடல் படத்தைப் பார்த்து, "இந்தாளு எத்தினி வருசமா தோலு இல்லாம நிக்கிறாரு, இவருக்கு ஒரு சட்டை வாங்கிக் குடுக்கக்கூடாதா?" என்பாள். நான் சிரிக்கும்போது ஊசி போய் வந்திருக்கும். யார் யாருக்கு வலிக்காமல் செய்தோம் என்று சொல்வது கஷ்டம்.

கம்ப்யூட்டரை நான் அந்த வருஷம்தான் ஈப்போவில் வாங்கியிருந்தேன். தொலைக்காட்சியோடு இணைக்கும் சின்னப் பெட்டி. என் மனைவி அன்னபாக்கியம் அதைத் தொட மாட்டாள். தோட்டத்தில் வேலை குறைந்து, துரைமார் போய்வந்துகொண்டிருந்த நேரம். நான் உட்கார்ந்து செந்தரையை எழுதினேன். ஏன் எழுதினேன் என்று நீங்கள் கேட்டால், எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. ஒருத்தி நகராததால் ஒரு ஊர் சாகும் என்றால், அவளைக் கொல்கிறவன் நல்லவனா கெட்டவனா? நேரில் போய் யாரிடமும் இதைக் கேட்க முடியாது. வேற்றுக் கிரகத்தில் வைத்துக் கேட்கலாம். நம் சங்கத்தில் சிலர் இந்த மாதிரி விண்வெளிக் கதைகளைப் பொழுதுபோக்கு என்கிறார்கள். எனக்கு அது ஆட்களிடம் கருத்துக் கேட்கிற ஒரு வழி.

முதலில் ஆடியவர் கிராணி கார்த்திகேசு. ஆபீஸ் வேலை பார்க்கிற மனுஷர், எறும்பை மிதித்தால்கூடக் காலைத் தூக்கிப் பார்ப்பவர். கொஞ்ச நேரம் 'காத்திரு' அடித்துப் பார்த்தார். காற்று குறைவதைக் கண்டதும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு 'கொல்' அடித்தார். கப்பல் போன பிறகு நாற்காலியில் சாய்ந்து, "சூசாலா, ரொம்பக் கஷ்டம் தியாகராஜா, அந்த வைத்தியன் பொழப்பு. அவன விட்டா வேற யாரு செய்வா?" என்றார். நான் இரண்டாவது கேள்வி எதுவும் கேட்கவில்லை. அன்னபாக்கியத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "அவன் பாவமப்பா. ஆனா உங்களுக்கேன் இந்தக் கதையெல்லாம்?" என்றாள்.

மூன்றாவதாக ஆடியவள் செல்லாயி.

நான் திட்டமிட்டு அவளை உட்காரவைக்கவில்லை. மருந்தகத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் ஊசி போட வீட்டு முன்னறைக்கு வரச் சொல்லியிருந்தேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. "அது என்னா ஐயா, டீவில எழுத்தா ஓடுது?" என்றாள். நான் கதையைச் சொல்லி, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அவள் சட்டைக் கையை மேலே சுருட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டுப் போடுகிற இடத்தில் தலையாட்டினாள். இயந்திரம் பழுதாகிற இடத்தில், "நம்ம கொழா மாதிரி" என்றாள். அவளுக்குக் கதை புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"இப்ப நா என்னா செய்யணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணு காத்திருக்கணும். இல்லாட்டி அவளக் கொல்லணும்."

"செத்தவளுக்கு என்னா ஐயா, அவ போய்ச் சேந்துட்டா. கொன்னவன் இல்ல பாவம். அவன் எப்படித் தூங்குவான்?" என்றாள்.

"அப்ப அமுக்கட்டுமா?"

"உங்க பொட்டி. நீங்க அமுக்குங்க."

நான் அமுக்கினேன். கப்பல் கிளம்பியது. ஜன்னல் குழந்தைகளை வாசித்துக் காட்டியதும் அவள் முகம் மலர்ந்தது. "புள்ளைங்க போயிருச்சுல்லா. போதும்" என்றாள். நான் அந்தச் சொல்லை நன்றாகக் கேட்டுக்கொண்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் அது ஒரு கருத்து. அவள் சொன்னதால் எனக்கு அது அனுமதி மாதிரி இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

இருந்தாலும் நான் அவசரப்படவில்லை. ஆடி பிறந்து சில நாட்கள் போயிருந்தன. லயத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அதில் ஒன்று மங்களத்தின் இளையது. செல்லாயி ஊசிக்கு வந்தபோது நான் சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"செல்லாயி, புந்தோங் வீடு கைய விட்டுப் போயிரும். புள்ளைங்க சாகுது. எப்பத்தான் கெளம்புறது?"

"இப்ப போவ முடியாது ஐயா."

"ஏன்?"

"ஆத்தா விட்டாத்தான் போலாம். நா மட்டும் இல்ல, ஊர்ல ஒருத்தரும் எல்ல தாண்டி ராத் தங்க முடியாது. இத நீங்க கேக்காதீங்க ஐயா."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த நூல் ஒன்று புதிதாகக் கட்டியிருந்தது. அதில் மஞ்சள் ஈரம் இன்னும் காயவில்லை. பஞ்சால் துடைக்கும்போது என் விரலிலும் ஒட்டிக்கொண்டது. விரதமா என்று கேட்டேன். ஆமாம், ஒரு வேளைதான் சாப்பாடு, கரகம் எடுக்கிறேன் என்றாள். வியாதிக்காரி விரதம் இருக்கக்கூடாது என்று கண்டித்தேன். என் கடமையை நான் செய்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காப்பு நூல் எனக்குப் புதிதல்ல. அன்னபாக்கியம் வருஷாவருஷம் கேதாரகௌரி விரதம் பிடித்துக் காப்புக் கட்டிக்கொள்வாள். கட்டிக்கொண்டு பஸ் ஏறி ஈப்போவுக்குத் தமக்கை வீட்டுக்குப் போவாள், கல்யாணவீட்டுக்குப் போவாள், ஒருமுறை பினாங்குகூடப் போய்வந்தாள். எங்கள் வீட்டில் காப்பு என்பது கட்டியவருக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ள விஷயம். ஆகவே செல்லாயி சொன்னதை நான் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். ஆத்தா விடமாட்டாள் என்றால், இவள் விடமாட்டாள் என்று அர்த்தம். ஆத்தா எப்போது விடுவாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காதீர்கள் என்று சொன்னவளிடம் மேலும் கேட்பது நாகரிகமும் இல்லை.

அதன்பிறகு ஒரு காலை. நன்றாக வெயில் அடித்தது. நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், ஊசியைக் கொதிக்க வைத்தேன், எல்லாம் வழக்கம்போல. மருந்தின் அளவு மட்டும் வழக்கம்போல இல்லை. விரதத்தில் காய்ந்து கிடந்த உடம்பு அது. அதிகம் தேவைப்படாது என்று எனக்குத் தெரியும். செருப்புச் சத்தம் கேட்டது. அவள் உள்ளே வந்து சுவர்ப் படத்தைப் பார்த்தாள், அன்றைக்குக் கேலி எதுவும் செய்யவில்லை, களைத்திருந்தாள். குத்தி எடுத்த பிறகு அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டு, "ஐயா கைக்கு வலிக்கவே தெரியாது" என்றாள். வாசலில் நின்று வெயிலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடந்து போனாள். நான் ஊசியைக் கழுவி வைத்தேன்.

எந்த விளையாட்டிலும் இந்த இடத்துக்குப் பிறகு உள்ள நேரத்தை யாரும் எழுதுவதில்லை. 'கொல்' என்றால் அடுத்த வரியில் செத்துவிடுவார்கள். நேரில் அப்படி இல்லை. நான் மருந்தகத்தில் உட்கார்ந்திருந்தேன். யாராவது ஓடிவந்து கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மேசை இழுப்பறையில் சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. கூப்பிட்டிருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பேன் என்று நினைக்கிறேன். அந்த அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. யாரும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று பிறகு மங்களம் சொன்னாள். கோயில் கொட்டகையில் கூழுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த செல்லாயிக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. உடம்பு நடுங்கியிருக்கிறது, கண் செருகி, பேச்சுக் குழறியிருக்கிறது. எனக்கு அது என்னவென்று பார்க்காமலே தெரியும். பார்த்தவர்களுக்கு அது அருள். கரகம் எடுக்கப்போகிறவள், விரதம் இருப்பவள், அவள்மேல் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று எல்லாரும் கைகூப்பி நின்றிருக்கிறார்கள். வேப்பிலையை மஞ்சள் தண்ணீரில் முக்கித் தெளித்திருக்கிறார்கள். மங்களம் காலில் விழுந்து, இளைய பிள்ளையையாவது விட்டுவிடு தாயே என்று கேட்டிருக்கிறாள். செல்லாயி அவள் தலையைத் தொட்டபடியே சாய்ந்துவிட்டாள். ஆத்தா மலையேறிவிட்டாள் என்று கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

விரதம், இனிப்பு நீர், வயசு. பீடோர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களிடம் நான்தான் இதைச் சொன்னேன். யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது சொல்லியிருக்கமாட்டேன், வேலை பாதியில் நின்றிருந்தது. ஊர் இன்னும் கப்பலேறவில்லையே.

அன்று பிற்பகல் சவம் லயத்து வாசலில் கிடந்தபோது புந்தோங்கிலிருந்து லோரி ஓட்டுகிற மாயாண்டி வந்தான். செல்லாயிக்குத் தூரத்து உறவு. மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்ற என்னிடம் வந்து, தோட்டத்துப் பெரிய மனுஷனிடம் யோசனை கேட்பவன்போலக் கேட்டான்.

"ஐயா, லோரிய என்னா செய்யட்டும்? மத்த ரெண்டு லோரிக்காரங்ககிட்டயும் சொல்லி வச்சிட்டேன்."

"என்ன லோரி?"

"அக்கா உங்ககிட்ட சொல்லலையா? மஞ்சத் தண்ணி ஊத்தி, காப்ப அவுத்த மறுநாளு ஊரையே ஏத்தணும்னு சொல்லி வச்சிருந்திச்சி. ஆடி முடியிறதுக்குள்ள சாவி வாங்கணும்லா. ஆத்தா செலய மொத லோரில ஏத்தணும்னு திட்டம்."

அவன் தயங்கிவிட்டு மீதியையும் சொன்னான். "வெளிய தெரியக்கூடாதுன்னு சொன்னிச்சி. கெளம்புறது தொரைக்குத் தெரிஞ்சா திருழா முடியிறதுக்குள்ள கோயில இடிச்சிருவாங்கன்னு. கிராணி ஐயா வீடு, உங்க வீடு எல்லாம் மேட்டுலதானே இருக்கு. அதான் சொல்லாம இருந்திருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க ஐயா."

தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொன்னேன். பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன், அவர்கள் ஊரில் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினால் அது ஒருத்தி கையில் கட்டுகிற நூல் இல்லை, ஊருக்கே கட்டுகிற கட்டு. அவிழ்க்கிற வரை யாரும் எல்லை தாண்டி இரவு தங்கக்கூடாது, குடிபெயரக்கூடாது. அவிழ்த்த பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம். திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. இவ்வளவு சின்ன விஷயம். தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவனுக்குத் தெரியாமல் போனது ஆச்சரியம்தான். திருவிழா நாட்களில் நாங்கள் ஈப்போவுக்குப் போய்விடுவது வழக்கம்.

லோரிகள் வரவில்லை. காப்போடு ஒருத்தி செத்தால் அந்த நூலை யாரும் அறுக்கமாட்டார்கள். நூலோடுதான் அவளைப் புதைத்தார்கள். திருவிழா நின்றது. நின்ற திருவிழாவை அடுத்த ஆடியில்தான் முதலிலிருந்து நடத்த வேண்டும், அதுவரை ஊர் அவிழாத கட்டுக்குள் இருக்கிறது என்று பூசாரி சொன்னார், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அருள் வந்து நின்ற இடத்திலேயே ஆத்தா அவளை எடுத்துக்கொண்டாள், இந்த மண்ணை விட்டு ஊர் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். நான் லயத்துக்குப் போய் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். புந்தோங் வீடுகள் வேறு ஆட்களுக்குப் போயின.

பிறகு மழைக்காலம். ஆறு கலங்கியது. மங்களத்தின் இளைய பிள்ளை போனது, இன்னும் சில பிள்ளைகளும் போயின. நான் தூங்காமல் வேலை பார்த்தேன். கார்த்திகேசு கிராணியைக் கேட்டுப் பாருங்கள், இப்போது கோப்பெங்கில் இருக்கிறார், அந்த மாதங்களில் என்னைப் போல் உழைத்தவர் யாரும் இல்லை என்று சொல்வார். அந்தப் பிள்ளைகளை நான் என் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை. அவர்களைக் கொன்றது தண்ணீர். அடுத்த வருஷம் லயத்தை இடித்தார்கள், ஜனங்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சிதறிப்போனார்கள். எனக்கு ஓய்வு கிடைத்தது. இந்த வீட்டுக்கு வந்தோம். காற்றோட்டமான வீடு, நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

போன மாதம் புந்தோங் சந்தையில் மங்களத்தைப் பார்த்தேன். இலை கட்டி விற்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். "ஐயா, நல்லா இருக்கீங்களா? நீங்க இருந்ததாலதான் அந்த வருசம் மத்த புள்ளைங்களாவது பொழைச்சிச்சி. செல்லாயி அக்காகூட எப்பவும் சொல்லும், ஐயா கை ராசியான கைன்னு" என்றாள். வெற்றிலையைக் காசு வாங்காமல் கையில் திணித்தாள். வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். கொஞ்சம் அதிக நேரம் கழுவினேன் என்று அன்னபாக்கியம் சொன்னாள்.

ஒரு சின்னக் கோளாறையும் சொல்லிவிட வேண்டும். செந்தரை கேசட் ஓடும்போது வருகிற கீச்சுச் சத்தத்துக்கு நடுவில், படியில் யாரோ செருப்புக் கழற்றும் ஓசை கேட்கிறது. ஒன்று மெதுவாக, ஒன்று உதறி. புதிய கேசட்டில் பதிந்து பார்த்தேன், அதிலும் கேட்கிறது. வேறு விளையாட்டுகளில் இல்லை. பெட்டியின் பழுதாக இருக்கலாம். அதனால்தான் சங்கத்தில் அதை ஏற்றும்போது நான் தேநீர் கலக்க வெளியே போய்விடுகிறேன். பயம் என்று சொன்னால் அது சரியான சொல்தான். உள்ளே வந்து கையை நீட்டினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னீர்கள். அந்த விளையாட்டில் தலைவி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை சார், அவளிடம் எதுவும் கேட்க வழியே இல்லை, 'கேள்' என்று ஒரு கட்டளை வைத்தால் என்ன என்றீர்கள். நான்கு வருஷமாக எனக்குத் தோன்றாதது. நல்ல யோசனை. கார்த்திகேசு கிராணிக்கும் தோன்றவில்லை, உங்கள் மாணவர்களுக்கும் தோன்றவில்லை.

நேற்றும் இன்றும் உட்கார்ந்து அதைச் செய்து முடித்துவிட்டேன். பெட்டியில் இடம் குறைவு. 'காத்திரு' கட்டளையை எடுத்துவிட்டுத்தான் இதைச் சேர்க்க முடிந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் தலைவியிடம் கேட்கலாம். ஏன் போக மறுக்கிறாய் என்று கேட்டாலும், எப்போது போவாய் என்று கேட்டாலும், வேறு எதைக் கேட்டாலும் அவள் ஒரே பதில்தான் சொல்வாள். "நீங்க செய்யிறது சரிதான் ஐயா. புள்ளைங்க போவட்டும்." அவள் பேசுகிற விதம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் எழுதுவதில் சிரமமே இருக்கவில்லை. பலமுறை கேட்டுப் பார்த்தேன். ஒருமுறைகூட மாற்றிச் சொல்லவில்லை. நான் அவளிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, டீச்சர். அவளாகத்தான் கொடுத்தாள்.